சங்கேத எழுத்தில் உள்ள பழைய தமிழ்க் கொப்பியை வாசிப்பது எப்படி? மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்து வீட்டின் தகரப் பெட்டியிலோ கடைத்தெரு வீட்டின் அலுமாரியிலோ, வாசிக்க முடியாத எழுத்தில் ஒரு கொப்பியையோ கடிதக் கட்டையோ கண்டெடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கங்காணியாகவோ கணக்கப்பிள்ளையாகவோ கடைக்காரராகவோ இருந்த ஒருவர், தம் கடன் கணக்கையும் குடும்ப விடயங்களையும் பிறர் கண்ணில் படாதபடி எழுதி வைத்திருக்கலாம். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு கொப்பி இருந்தது. அதை வாசிக்க முயன்றபோது எனக்குக் கிடைத்த வழிகாட்டிகள் யாவும் ஆங்கில எழுத்துகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றின்படி ஒவ்வொரு குறியும் எத்தனை முறை வருகிறது என்று எவ்வளவு எண்ணிப் பார்த்தும் ஒரு தமிழ்ச் சொல்கூட வெளிப்படவில்லை. வழி திறந்தது பாடசாலையில் படித்த தமிழ் இலக்கணத்தினால்தான். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வராது, எது இரட்டிக்கும் என்ற விதிகள், எந்த எண்ணிக்கைப் பட்டியலையும்விட விரைவாகச் சங்கேதத்தை உடைத்துவிடுகின்றன.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிச் செல்ல மனம் தூண்டும். உழைப்பு வீணாவது பெரும்பாலும் அப்படித் தாண்டியவர்களுக்குத்தான்.

1. முதலில் ஏட்டைக் காப்பாற்றிப் படம் எடுங்கள்

அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெய்யும் காலத்தில் பழைய கொப்பியைப் பிரிக்காதீர்கள். ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது எழுத்தோடு கிழியும். அந்தப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள காலம் ஏற்றது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் நிலைமை மாறுபடும். அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி நிலவுவதால் அந்த மாதங்களே நல்லவை.

கொப்பியை வெயிலில் காயவைக்க வேண்டாம். சன்னலோரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் விரித்து, கைப்பேசியை மேலிருந்து நேராகப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அடுப்புப் புகை படிந்த தாளையோ இராமபாணப் பூச்சி அரித்த தாளையோ ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. அக்காலத்து அலுவலகப் பென்சில்களில் ஒருவகை, ஈரம் பட்டவுடன் ஊதா மையாகக் கரைந்து பரவும். ஒரு துளி நீரில் ஒரு பக்கமே போய்விடும். மேலுறை, ஓரக்குறிப்பு, வெற்றுப் பக்கம், இடையில் செருகிய துண்டுக் காகிதம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். திறவுகோல், அதாவது எந்த எழுத்துக்குப் பதிலாக எது எழுதப்பட்டது என்று காட்டும் குறிப்பு, பெரும்பாலும் அட்டையின் உட்பக்கத்தில் ஒரு சொல்லாக, அல்லது இரண்டு வரி எழுத்துப் பட்டியலாகக் கிடக்கும்.

2. அது சங்கேதம்தானா என்று உறுதி செய்யுங்கள்

வாசிக்க முடியாதவை எல்லாம் சங்கேதம் ஆகா. கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பழைய கணக்குக் குறிகள். ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ இலக்கம். இவற்றோடு ௧, ௨, ௩ என்று தொடங்கி ௰, ௱, ௲ வரை செல்லும் தமிழ் எண்களும் சேர்ந்தால், பழகாத கண்ணுக்கு முழுப் பக்கமும் இரகசிய எழுத்தாகவே தோன்றும். பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுவதும் உண்டு. றா, னா, ணை, லை போன்றவற்றின் பழைய வடிவங்களும் இன்று பலருக்குத் தெரியாது. எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் ஒரு பக்கத்தைக் காட்டுவதே இதற்கான செலவில்லாத சோதனை.

பக்கத்தின் உச்சியில் உள்ள ‘உ’ பிள்ளையார் சுழி. முஸ்லிம் வியாபாரிகளின் கணக்கில் உச்சியில் காணப்படும் 786 அவர்களுடைய வழக்கம். அவர்களுடைய பழைய ஏடுகளில் அரபு எழுத்து இருந்தால், அது அரபு மொழியாக இல்லாமல், அரபு எழுத்தில் எழுதிய தமிழாக, அதாவது அரபுத்தமிழாக இருக்கலாம். அதை வாசிக்கத் தெரிந்த மௌலவி ஒருவர் போதும்.

கட்டங்களுக்குள் ச, ர, வ, ண, ப, வ என்று எழுத்துகள் இடம் மாறி மாறி வந்தால் அது வழிபாட்டுச் சக்கரம். அதை எண்ணிப் பயனில்லை.

தோட்ட அலுவலகத்தில் வேலை செய்தவரின் கொப்பியில் வளைகோடுகளும் புள்ளிகளும் மட்டுமே இருந்தால் அது சுருக்கெழுத்தாக இருக்கக்கூடும். சுருக்கெழுத்து ஒலியைக் குறிப்பது. அதற்கு அதைப் படித்தவர் வேண்டும். ஆங்கில எழுத்தில் ஐந்து ஐந்தாகப் பிரித்த பொருளற்ற சொற்கள் கொண்ட தந்திகள் இருந்தால், அவை கம்பனிகள் தந்திச் செலவைக் குறைக்கப் பயன்படுத்திய பென்ட்லி போன்ற வணிகத் தந்திக் குறிநூல்களிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அங்கே ஒரு சொல் ஒரு முழு வாக்கியத்தைக் குறிக்கும். அவற்றை உடைக்க முயல வேண்டாம், குறிநூலைத் தேடுங்கள்.

கணினிக் கோப்பாகக் கிடைத்தால் மற்றொரு பொறி உண்டு. நம் நாட்டில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அத்தகைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். அரைப்புள்ளி மிகுதியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அதுதான். யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றி ஒன்றில் இட்டால் சில விநாடிகளில் தமிழ் வந்துவிடும்.

3. தேவையான பொருள்கள், செலவு, காலம்

சதுரக் கோடிட்ட கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர், பக்கங்களின் பெரிதாக்கிய பிரதி. பெரிய செலவு பிரதி எடுப்பதுதான்; அதன் விலை ஊருக்கு ஊர் மாறுவதால், முதலில் நான்கைந்து பக்கங்களுக்கு மட்டும் எடுங்கள். சொல் இடைவெளியோடு எழுதிய எளிய மாற்றுச் சங்கேதமாக, அதாவது ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே குறியை இடுவதாக, இருந்தால் அவ்வளவே போதும். மென்பொருள் எதற்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. ‘படித்துத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடம் மூலத்தைக் கையளிக்காதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஒரு பக்கத்தைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதி எண்ணுவதற்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்படும். உடைப்பது அதைவிடக் குறைந்த நேரத்தில் நடக்கலாம். மாதங்கள் எடுக்கவும் கூடும். முந்நூறு எழுத்துக்கும் குறைவாக உள்ள ஒற்றைக் கடிதத்தை, அதைச் சூழ்ந்த செய்தி எதுவும் தெரியாமல் உடைக்கலாம் என்று நம்பி இறங்க வேண்டாம்.

4. எந்த அலகு மாற்றப்பட்டிருக்கிறது என்று கண்டறியுங்கள்

தமிழ்ச் சங்கேதத்தின் முதன்மையான கேள்வி இதுவே. ஆங்கில வழிகாட்டிகள் இதைத் தொடுவதில்லை, ஏனெனில் அங்கே 26 எழுத்து தவிர வேறு அலகு இல்லை. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்து உண்டு. மறைத்து எழுதியவர் இவற்றில் எதை மாற்றினார் என்பதைப் பொறுத்து வேலை முழுவதும் மாறும்.

முதல் வகையில், அடிப்படை மெய் மட்டும் மாறும். கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் இடத்திலேயே இருக்கும். எழுத்துக் கற்ற எவருக்கும் இயல்பாகத் தோன்றும் முறை இது. பார்வைக்குத் தமிழாகவே இருக்கும், ஆனால் ழ, ண, ற போன்றவை சொல்லின் முதலில் வந்து நிற்கும். உயிர்க்குறிகள் மறைக்கப்படாமையால் உடைப்பதற்கு மிக எளிதான வகையும் இதுவே.

இரண்டாம் வகையில், ஒவ்வோர் எழுத்தும் இரண்டு எண்ணாகப் பிரியும்: மெய்யின் வரிசை எண் ஒன்று, உயிரின் வரிசை எண் ஒன்று. ‘கடன்’ என்பது 1-1, 5-1, 18-0 ஆகும். ஒரு நிரலில் 18க்கு மேலும் மற்றதில் 12க்கு மேலும் எண்ணே வராவிட்டால், இந்த வகை என்று ஏறத்தாழ முடிவு செய்யலாம். புள்ளிக்குச் சிலர் 0 இடுவர், சிலர் 13 இடுவர்; 13 இட்டிருந்தால் இரண்டாம் நிரல் 13 வரை செல்லும்.

மூன்றாம் வகையில், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனிப் புதுக் குறி இருக்கும். வேறுபட்ட குறிகளை எண்ணிப் பாருங்கள்: முப்பதுக்குள் அடங்கினால் மெய்யும் உயிரும் பிரிக்கப்பட்டுள்ளன, எண்பது, நூறு என்று ஏறினால் முழு எழுத்துகள் மாற்றப்பட்டுள்ளன. இந்த மூன்றாம் வகைக்கு நீண்ட வாசகம் தேவை.

நான்காம் வகை, தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பிறகு அதை மறைப்பது. ஆங்கிலம் படித்த எழுதுவினைஞரின் கொப்பி என்றால் இதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

5. எளிய முறைகளை முதலில் சோதித்துத் தள்ளுங்கள்

எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்துப் பேசும் சிறுவர் வழக்கம் நமக்குத் தெரியும். ‘வாடா’ என்பது ‘கவாகடா’ ஆகும். ஒன்றுவிட்ட இடங்களில் ஒரே குறி வந்துகொண்டிருந்தால் அதை நீக்கிவிட்டு வாசியுங்கள். வரியைப் பின்னிருந்து முன்னாக வாசித்துப் பாருங்கள். மெய்வரிசையைத் தலைகீழாக்கி, க-வுக்கு ன, ங-வுக்கு ற என்று மாற்றிப் பாருங்கள்.

அதன்பின் இடப்பெயர்ச்சி. மெய்வரிசை க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. ஒவ்வொரு மெய்யையும் மூன்று இடம் முன்தள்ளினால் க என்பது ஞ ஆகும், ட என்பது ந ஆகும், கடைசியில் உள்ள ன சுற்றி வந்து ச ஆகும். ‘கடைக்காரனுக்குக் கொடுத்த பணம்’ என்பது அப்போது

ஞநைஞ்ஞாழசுஞ்ஞுஞ் ஞொநும்ம ரபல்

என்று நிற்கும். சுழற்றக்கூடிய வழிகள் 17 மட்டுமே என்பதால், ஒரு வரியை எடுத்து 17 முறையும் எழுதிப் பார்த்துவிடலாம். ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். எழுதியவர் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் வரிசையில் சேர்த்திருந்தால் 21 முறை பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே கடினமான முறைகளுக்குப் போகிறவர்கள் பலர்.

6. எண்ணுங்கள், ஆனால் உங்கள் அளவுகோலை நீங்களே உருவாக்குங்கள்

மெய்களைத் தனியாகவும் உயிர்களைத் தனியாகவும் எண்ண வேண்டும். தமிழில் புள்ளியே மிகுதியாக வரும் குறி. உயிர்களில் அ, இ, உ மேலே நிற்கும், ஔ ஏறத்தாழ வரவே வராது. மெய்களில் க, த முன்னணியில் நிற்க, ப, ம, ன, ர, ட, வ, ல தொடரும்; ங, ஞ அடியில் கிடக்கும். இதற்கு மேல் நுணுக்கமான விகிதங்களை எவரிடமிருந்தும் கடன் வாங்காதீர்கள். செய்தித்தாள் தமிழும் கணக்குக் கொப்பித் தமிழும் ஒன்றல்ல. அதே குடும்பத்தில், அதே காலத்தில் எழுதிய வெளிப்படையான கடிதங்கள் இருந்தால் அவற்றில் ஆயிரம் எழுத்தை எண்ணி, அந்தப் பட்டியலோடு சங்கேதப் பட்டியலை ஒப்பிடுங்கள்.

கணினியால் எண்ணுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: யூனிகோடில் ‘கொ’ என்பது ஓர் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. க-வும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். அந்த உயிர்க்குறியும் ஒன்றாக இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். ஒரே எழுத்து இரு விதமாக எண்ணப்பட்டால் பட்டியல் முழுவதும் கோணும். முதலில் வாசகத்தை ஒரே வடிவத்துக்குச் சீராக்கிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைதன் நிரற்றொகுதி இலவசமாகக் கிடைக்கிறது.

7. இலக்கண விதிகளைப் பிரயோகியுங்கள்

இந்தப் படியில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். ஒவ்வொரு விதியையும் கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதி, அதற்கு எதிரே எந்தக் குறிகள் அதற்கு ஒத்துவருகின்றன, எவை விலக்கப்படுகின்றன என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

சொல் முதலில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வருவதில்லை. ஆகவே சொல் முதலில் ஒருபோதும் காணப்படாத குறிகள் எவை என்று பட்டியலிட்டால், 18 மெய்களும் இரு கூறாகப் பிரிந்துவிடும். நம் ஊர்க் கொப்பிகளில் இந்த விதி முழுமையாகப் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்: லயம், ரூபாய், ரொட்டி, லெச்சுமி, ராமசாமி எல்லாம் இயல்பாக வரும். ஆகவே ‘ஒருபோதும்’ என்பதை ‘அரிதாக’ என்று கொள்ளுங்கள்.

சொல் இறுதியில் க், ச், ட், த், ப், ற் நிற்பதில்லை. ம், ன், ல், ள், ர், ய் நிற்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அந்த விலக்கே பெரிய உதவி. வலி மிகும் இடத்தில் முதற்சொல்லின் இறுதியில் க், ச், த், ப் தோன்றும்; அடுத்த சொல்லும் அதே மெய்யோடு தொடங்கும். மேலே காட்டிய ‘ஞுஞ் ஞொ’ என்ற இடத்தைப் பாருங்கள். சொல்லிறுதிக் குறியும் அடுத்த சொல்லின் முதற்குறியும் ஒன்றாக இருக்கும் இடங்களைத் தேடினால், பெரும்பாலும் இந்த நான்கு மெய்களும் சிக்கும்.

ர், ழ் இரண்டும் இரட்டிப்பதில்லை. க்க, த்த, ப்ப, ட்ட மிகுதியாக வரும்.

மெல்லினம் தன் இன வல்லினத்தோடு சேர்ந்து நிற்கும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இவற்றுள் ங் என்பது மிகப் பயனுள்ளது. அது ஏறத்தாழ எப்போதும் புள்ளியோடு மட்டுமே வரும். அதை அடுத்து க மட்டுமே வரும். எப்போதும் புள்ளியோடு நின்று, எப்போதும் ஒரே குறியால் தொடரப்படும் குறி ஒன்றைக் கண்டால் அது ங், தொடர்வது க. ஆக, மிக அரிய எழுத்துகளுள் ஒன்று, மிகுதியாக வரும் எழுத்தைப் பிடித்துக் கையில் தந்துவிடுகிறது.

இரண்டு மெய்கள் அடுத்தடுத்துப் புள்ளியோடு நின்றால் (இதை ஈரொற்று என்பர்) அவற்றுள் முதலாவது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: காய்ச்சல், பார்த்து, வாழ்க்கை. புள்ளி மறைக்கப்படாத சங்கேதத்தில் இந்த விதி ஒன்றே அரை வேலையை முடித்துவிடும்.

எழுதியவர் அதிகம் படித்தவராக இல்லாதிருக்கலாம். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மயங்கி வரும். ‘கொடுத்தேன்’ என்பது ‘குடுத்தேன்’ என்றிருக்கும். வலி மிகுந்திருக்க வேண்டிய இடத்தில் மிகாமல் இருக்கும். ஒரு விதி ஓரிடத்தில் பொய்த்தால் முழு ஊகத்தையும் கைவிட வேண்டாம். மூன்று நான்கு இடங்களில் பொய்த்தால் கைவிடுங்கள்.

8. தெரிந்த சொல்லைக் கொண்டு உட்புகுங்கள்

வாசகத்தில் இருந்தே ஆகவேண்டிய சொற்களைப் பட்டியலிடுங்கள். பக்க உச்சியில் ‘சிவமயம்’ அல்லது ‘முருகன் துணை’; நாள் குறிக்கும் இடத்தில் தமிழ் மாதப் பெயர்; கணக்கில் சம்பளம், பாக்கி, அரிசி, கம்பளி, கைக்காசு; இடப்பெயரில் தோட்டப் பிரிவுகளான மேல்கணக்கு, கீழ்க்கணக்கு; ஆட்பெயரில் குடும்பத்தார் பெயர்கள். தோட்டத்தின் பெயர், பிறந்தநாள், திருமண நாள் ஆகியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப்பதிவு) துண்டு போன்ற ஆவணங்களை முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் உள்ள நாளோடு ஆவணத்தில் உள்ள நாள் பொருந்தும் இடமே உங்கள் வாசல்.

அடுத்துச் சொற்களின் உருவத்தைப் பாருங்கள். ‘சம்பளம்’ என்பதில் இரண்டாம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் ஒன்று, இரண்டும் புள்ளி பெற்றவை. ‘சித்திரை’யில் இரண்டும் மூன்றும் ஒரே மெய். எல்லாவற்றிலும் சிறந்தது ‘கார்த்திகை’: முதல் மெய்யும் கடைசி மெய்யும் ஒன்று, நடுவில் ஈரொற்று. அந்த உருவம் வேறு சொல்லில் எளிதில் அமையாது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். மெய் மட்டும் மாற்றப்பட்ட முதல் வகை.

ழாம்ப்பிழை னாபன் ழசத் பீம்ப்பபு

முதற்சொல்லில் ம், ப் என்று இரண்டு மெய்கள் அடுத்தடுத்துப் புள்ளியோடு நிற்கின்றன. ஆகவே ம் என்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்று. முதலிலும் இறுதியிலும் ழ. உயிர்க்குறிகள் ஆ, இ, ஐ. ‘கார்த்திகை’ அப்படியே பொருந்துகிறது. இதனால் ழ என்பது க, ம என்பது ர, ப என்பது த என்று மூன்று மெய்கள் கிடைத்தன.

இரண்டாம் சொல் ‘னாபன்’. நடுவில் உள்ளது த. முதலிலும் இறுதியிலும் ஒரே மெய். அந்த மெய் சொல் முதலில் வரக்கூடியதாகவும், புள்ளி பெற்றுச் சொல் இறுதியில் நிற்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இயல்பாகப் பொருந்துவது ம. மாதப் பெயரை அடுத்து வருவது ‘மாதம்’.

நான்காம் சொல்லுக்குத் தேவையான மெய்கள் ஏற்கெனவே கையில் உள்ளன: ‘தீர்த்தது’. மூன்றாம் சொல் ‘க’-வில் தொடங்கி, ஓர் அகர உயிர்மெய் இடையில் நிற்க, ஒரு மெய்யில் முடிகிறது; அந்த மெய் ம், ர் அல்ல, அவை வேறு குறிகளுக்கு உரியவை; வல்லினமும் ஆகாது. கடல், கடன் என்று சில சொற்கள் மீந்து நிற்கும். தீர்ப்பதற்கு உரியது கடன். ‘கார்த்திகை மாதம் கடன் தீர்த்தது.’ ஆறு மெய்கள் தெரிந்துவிட்டன. இனி அடுத்தடுத்த வரிகள் பாதி வாசித்த நிலையிலேயே கண்ணில் படும்.

பொறி ஒன்று இங்கே உண்டு. முதற்சொல்லை விரும்பியபடி ஊகித்துவிட்டு, அதற்கேற்ப மற்றவற்றை வளைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நீங்கள் ஊகித்த திறவுகோல், நீங்கள் பார்க்காத இன்னொரு பக்கத்தில் இட்டால் தானாகவே தமிழாக வரவேண்டும். அப்படி வராவிட்டால் ஊகம் தவறு. எவ்வளவு அழகான வாக்கியம் கிடைத்திருந்தாலும் அழித்துவிடுங்கள்.

9. எண்கள் மறைக்கப்பட்டிருந்தால்

கடைக்காரர்கள் கொள்முதல் விலையைப் பத்து வேறுபட்ட எழுத்துகளால் குறித்து வைப்பதுண்டு. இதை உடைக்கக் கூட்டல் போதும். ஒரு நிரலில் ஒரு குறியும் அதே குறியும் கூடி, வலப்பக்க நிரலிலிருந்து மீதி எதுவும் வந்து சேராத இடத்தில், அதே குறியையே தந்தால் அது சுழியம். இரண்டு தொகைகளைக் கூட்டியபோது இடப்பக்கம் புதிதாக முளைக்கும் குறி 1. சத நிரலின் கடைசி இலக்கம் பெரும்பாலும் 0 அல்லது 5 ஆக இருக்கும். இந்த மூன்றையும் கண்டுகொண்டால் மற்ற ஏழும் சில கூட்டல்களில் விழும்.

10. ஒரே குறி வெவ்வேறு எழுத்தாக வரும் சங்கேதம்

எண்ணிக்கைப் பட்டியல் தட்டையாக, எந்தக் குறியும் மேலோங்காமல் இருந்தால், ஒரு திறவுச்சொல்லின் எழுத்துகளுக்கேற்ப இடப்பெயர்ச்சி மாறிக்கொண்டே போகும் முறையாக இருக்கலாம். சோதனை இது: வாசகத்தில் ஏதேனும் இரண்டு இடங்களை எடுத்தால் அவை ஒரே குறியாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுங்கள். 18 மெய்களும் சமமாகப் பரவினால் அது 0.056, இயல்பான எழுத்தில் அதைவிட அதிகமாக இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்த வாசகம் என்றால் சமப்பரவலுக்கு 0.038, ஆங்கில மொழிக்கு அது ஏறத்தாழ 0.067.

தட்டையானது என்று உறுதியானால், திரும்பத் திரும்ப வரும் மூன்று, நான்கு குறிக் கூட்டங்களைத் தேடி, அவற்றின் இடைத்தூரங்களை எழுதுங்கள். தூரங்கள் 24, 36, 60 என்றால் திறவுச்சொல்லின் நீளம் 12-ஐ வகுக்கும் எண்களில் ஒன்று: 2, 3, 4, 6 அல்லது 12. அந்த நீளத்துக்கு வாசகத்தை நிரல்களாக அடுக்கினால், ஒவ்வொரு நிரலும் ஐந்தாம் படியில் பார்த்த எளிய இடப்பெயர்ச்சியாகிவிடும். திறவுச்சொல்லாகத் தோட்டத்தின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் முதலில் சோதியுங்கள். இதற்குப் பல பக்க வாசகம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

எண்கள் இரண்டு இரண்டாக வந்து, முதலாவது 1330-ஐத் தாண்டாமலும் இரண்டாவது 7-ஐத் தாண்டாமலும் இருந்தால் திருக்குறளை எடுங்கள்: முதலாவது குறள் எண், இரண்டாவது சீர். அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை எல்லா உரையாசிரியரிடமும் ஒன்றாக இல்லை என்பதால், ஒரு பதிப்பில் பொருந்தாவிட்டால் வேறு பதிப்பில் பாருங்கள். கிறித்தவக் குடும்பங்களில் வேதாகமத்தின் அதிகாரமும் வசனமும் இந்த இடத்தைப் பிடிக்கும். வீட்டில் அக்காலத்திலிருந்து எஞ்சிய புத்தகம் எதையும் இப்படிச் சோதித்துப் பார்க்கும் முன்னர் பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

11. முயலக் கூடாதவை

இந்த முறைகள் கையால் செய்த சங்கேதங்களுக்கு மட்டுமே. கைப்பேசிப் பூட்டு, வட்ஸ்அப் உரையாடல், கடவுச்சொல் இட்ட கோப்பு ஆகியவற்றுக்கு எழுத்து எண்ணுவது எந்த வகையிலும் உதவாது. இன்றைய பூட்டுகளில் பயன்படும் 128 பிட்டுத் திறவுகோலுக்கு உள்ள வாய்ப்புகளின் தொகை 39 இலக்க எண். அதை வரிசையாகச் சோதித்து முடிக்கும் கணினி இல்லை. மறந்துபோன கடவுச்சொல்லை நினைவிலிருந்து ஊகித்து மீட்பது வேறு. அது உங்கள் சொந்தக் கோப்பாக இருந்தால் செய்யலாம். பிறருடைய கணக்கிலோ கைப்பேசியிலோ அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்குரியது. ‘எதையும் திறந்து தருகிறேன்’ என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் கைப்பேசியைக் கொடுத்தால், பணத்தோடு அதில் உள்ள படங்களும் செய்திகளும் அவர்கள் கைக்குப் போகும்.

12. கிடைத்ததைப் பதிவு செய்யுங்கள்

திறவுகோல் பட்டியலைத் தனித்தாளில் எழுதி, கொப்பியோடு ஒரே உறையில் வையுங்கள். பெயர்த்தெழுதும்போது மூன்று வரி முறையைக் கையாளுங்கள்: மேலே சங்கேதம் உள்ளபடி, நடுவில் எழுத்துக்கு எழுத்து மாற்றியது, கீழே நீங்கள் புரிந்துகொண்ட தமிழ். உறுதியில்லாத எழுத்துக்கு அடிக்கோடிடுங்கள். வாசிக்க முடியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். எழுதியவரின் பிழைகளைத் திருத்த வேண்டாம்.

கொப்பியை நூலக நிறுவனம் போன்ற, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காக்கும் அமைப்புக்குப் படப் பிரதியாகக் கொடுப்பது நல்லது. மூலம் வீட்டிலேயே இருக்கலாம். அதற்கு முன்னர் கொப்பி முழுவதையும் வாசித்து முடியுங்கள். கடன் வாங்கியவர்கள், சாதி மீறி மணந்தவர்கள், தோட்டத்தை விட்டுப் போனவர்கள் என்று அதில் வரும் பெயர்களுக்கு உரியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பக்கத்து லயத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம். அத்தகைய பக்கங்களைத் தனியாகப் பிரித்து, அந்தக் குடும்பங்களைக் கேட்டு, அவர்கள் இசைந்தவற்றை மட்டும் வெளியே கொடுங்கள். மற்றவற்றைப் பிறருக்குக் கொடுக்காமல் உறையிலேயே வைத்து, திறவுகோல் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.